இடது கை யாருடையது?

ஒரு வீட்டின் பெயர் நிலைக்க மூன்று தலைமுறை வேண்டும். அது கவிழ ஒரு விரல் போதும்.

போன வாரம் காலை உணவின்போது நகிசாவின் இடக்கையிலிருந்து மிசோ சூப் கிண்ணம் நழுவி உடைந்தது. "கவனம் எங்க இருக்கு உனக்கு?" என்று அப்பா மோரியோ அதட்டினார். அண்ணன் தோரு குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். அந்தக் கிண்ணம் ஏன் விழுந்தது என்பது ஹொன்மா வீட்டில் இருவருக்குத் தெரியும். மோரியோ அந்த இருவரில் ஒருவர் அல்ல.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நிகாத்தா நகரத்தில் விடிந்ததிலிருந்தே பனியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தது. நாகாவோகாவிலிருந்து முதல் ரயிலில் வந்திறங்கிய மோரியோ, வீடியோ விளையாட்டுக் கூடத்தின் வாசலில் குடையை மூன்று முறை உதறி, மடித்து, பட்டனைப் போட்ட பிறகே உள்ளே நுழைந்தார். கறுப்புக் கோட்டு, சாம்பல் நிற டை. அந்தக் கூடத்தில் டை கட்டியிருந்த ஒரே மனிதர் அவர்தான்.

வயது அறுபத்தேழு. நாற்பது ஆண்டுகள் ரயில் ஓட்டியவர். பதினைந்து விநாடி பிந்தினாலும் காரணம் எழுதிக் கொடுத்தவர். இந்த மாதிரி இடங்களை ஒருகாலத்தில் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. மகன் தோரு ரயில்வேயில் சேர்ந்த அன்று, மெஷினில் ஆடப் பயன்படும் அவனுடைய விளையாட்டு அட்டையை வாங்கிக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போட்டார்.

"பிரேக் பிடிக்கிற கைக்கு இந்தப் பொம்மை விளையாட்டு எதுக்குடா?"

தோரு எதிர்த்துப் பேசவில்லை. இப்போது அவனுக்கு முப்பத்தொன்று. அவனும் டிரைவர். அடுத்த மாதம், புதிய டிரைவர்களைப் பழக்கும் பதவிக்குத் தேர்வு எழுதப் போகிறான்.

மகள் விஷயத்தில் மட்டும் அவர் வளைந்து கொடுத்தார். அதற்கு ஒரு காரணம் உண்டு.

"ஒரு விநாடியை அறுபதாப் பிரிச்சுக்கோங்கப்பா. அதுல ஒரு பங்கு பிந்தினாலும் மெஷின் கண்டுபிடிச்சிடும்" என்று இரண்டு வருடங்களுக்கு முன் நகிசா ஒருநாள் சொன்னாள். அந்தச் சொல் அவரை எங்கோ தொட்டுவிட்டது. நேரத்தை அவ்வளவு மதிக்கிற ஒன்று கேவலமானதாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

அந்த மெஷினுக்குச் சலவை இயந்திரத்தின் கண்ணாடிக் கதவு போல வட்டமான திரை. அதைச் சுற்றி எட்டுப் பொத்தான்கள். பாட்டு ஓட ஓட, திரையின் நடுவிலிருந்து ஒளி வளையங்கள் விளிம்பை நோக்கி ஓடி வரும். எது எங்கே வந்து சேர்கிறதோ, அங்கே அந்த நொடியில் கை இருக்க வேண்டும். கண்ணாடியில் வழுக்கிச் செல்ல வெள்ளைப் பருத்திக் கையுறை. ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் அதற்கு நகிசா செய்த பயிற்சியை அவர் வீட்டிலேயே பார்த்தார்.

துணி அலமாரியின் கதவில் எட்டு வட்ட ஒட்டுத்தாள்களை ஒட்டியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொடுவாள். தொட்ட விரலை எடுக்காமல் கண்ணைத் திறந்து, நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பாள். ஒரு நாளைக்கு முந்நூறு முறை. வலக்கைக்குப் பழகியதை இடக்கைக்கும் பழக்க, பாட்டை இடவலமாகத் திருப்பி வைத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, முதலிலிருந்து தொடங்குவாள்.

"கையைப் பார்க்கவே கூடாதுப்பா. பார்த்தா அது தடுமாறும். கண்ணு நடுவுல நிக்கணும், கை தானாப் போகணும்."

ஒருநாள் மோரியோ தன் பழைய இரும்பு ஸ்கேலை எடுத்து வந்து, அலமாரியின் பக்கத்தில் நின்று, "இடது கை, ஏழு மில்லிமீட்டர் வெளியே" என்று அறிவித்தார். அதன் பிறகு, இந்த ஜூலையில் அவள் 'இனி வேணாம்பா, பழகிடுச்சு' என்று நிறுத்தும்வரை தினமும் அளந்தார்.

இன்று இங்கே நடக்கும் போட்டிக்கு இருநூறுக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். மேலிருந்து எடுத்த வீடியோவை அனுப்ப வேண்டும். அதில் முகம் தெரியாது. இரண்டு கைகளும் திரையும் மட்டும் தெரியும். அதைப் பார்த்துப் பதினாறு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய வீடியோக்களைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருந்தார்கள். நகிசா மூன்றாவது இடம். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் சங்கத்தில் எல்லோரும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, 'உங்க பொண்ணு உங்களை மாதிரியே' என்றார்கள். மோரியோ மட்டும் பார்க்கவில்லை. 'இத்தனூண்டு போனில் பார்க்க மாட்டேன், மேடையில் பெரிதாகப் பார்க்கிறேன்' என்று பிடிவாதமாக இருந்துவிட்டார்.

"நீங்க நகிசாவோட அப்பாவா ஐயா?"

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல். நாற்பதை நெருங்கும் வயது. மெலிந்த உடம்பு. மடியில் வெள்ளைக் கையுறை.

"ஆமா. நீங்க?"

"வதாரி. அரிசி முறுக்குத் தொழிற்சாலையில வேலை. இங்க நான் பதினேழாவது ஆளு."

"பதினாறு பேருக்குத்தானே இடம்?"

"அதான் ஐயா என் தலையெழுத்து. யாருக்காவது காய்ச்சல் வரணும், இல்ல ரயிலைத் தவற விடணும். காலையிலேர்ந்து ஒவ்வொருத்தர் மூக்கா பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒருத்தர்கூட தும்ம மாட்டேங்குறாங்க."

"ரயில் மேல நம்பிக்கை வைக்காதீங்க. அதை எங்க ஆளுங்க ஓட்டுறாங்க."

வதாரி வாய்விட்டுச் சிரித்தான். பிறகு கையுறையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "முப்பத்தெட்டு ஆயிடுச்சு ஐயா. அடுத்த வருஷம் இந்தக் கை இதே வேகத்துல போகாது. எனக்கே தெரியுது. இந்த வருஷம் இல்லன்னா இல்லதான்." சட்டென்று குரலில் உற்சாகம் வந்தது. "ஆனா உங்க பொண்ணோட இடது கை இருக்கே! ஆறு வாரமா அதைத்தான் பார்க்கறேன். இருநூறு தடவையாவது பார்த்திருப்பேன். மணிக்கட்டு அசையாது. எல்லாம் முழங்கையிலேர்ந்து வரும். அதைப் பார்த்துத்தான் என் கையையே திருத்திக்கிட்டேன்."

மோரியோ தன்னை மீறிப் பெருமை பேசினார். "அந்தக் கையை ஸ்கேல் வச்சு அளந்தது நான்."

பதினோரு மணிக்கு விளக்குகள் அணைந்தன. அமைப்பாளர் எபினா என்ற இளம் பெண் மேடையேறி, தேர்வான பதினாறு பேரின் வீடியோக்களையும் சிறிது சிறிதாகக் காட்டுவதாக அறிவித்தாள். மூன்றாவதாக, 'ஹொன்மா நகிசா, நாகாவோகா' என்று திரையில் எழுத்துகள் தோன்றின. மோரியோ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஹொன்மா அவருடைய குடும்பப் பெயர், அவர் அப்பாவின் பெயர்.

திரையில் இரண்டு வெள்ளைக் கைகள்.

மற்றவர்கள் பாட்டுத் தொடங்குமுன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்கள், விரல்களை உதறினார்கள். இந்தக் கைகள் அப்படிச் செய்யவில்லை. வலக்கையின் ஆட்காட்டி விரல் மட்டும் நீண்டது. பாட்டின் பெயரைச் சுட்டி ஒரு கணம் நின்றது. அடுத்து, கடினத்தில் எத்தனையாவது படி என்ற எண்ணைச் சுட்டியது. அடுத்து, வேகத்தின் எண்ணை. பிறகு விரல் மடங்கி, கை பொத்தானுக்குப் போனது.

மோரியோவின் உதடுகள் தாமாக அசைந்தன. 'சிக்னல், சரி. பிரேக், சரி. நேரம், சரி.'

ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி, வாயால் சொல்லிச் சரிபார்ப்பது ரயில் ஓட்டுபவனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்; பிறகு எந்த இயந்திரத்தின் முன்னால் நின்றாலும் அவன் விரல் அப்படித்தான் போகும். வீட்டில் அடுப்பை அணைத்தாலும் போகும். அந்தப் பழக்கத்தைப் பாடமாகப் படித்துத்தான் பெற முடியும், பெற்ற பிறகு மறைக்க முடியாது. நகிசா பல்பொருள் அங்காடியில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அவள் விரல் எதையும் சுட்டியதில்லை.

பாட்டு தொடங்கியது. கைகள் பறந்தன. கூடம் முழுக்க ஆரவாரம்.

"பாருங்க ஐயா, அந்த இடது கையைப் பாருங்க!" என்று வதாரி அவர் தோளைத் தொட்டான்.

மோரியோ பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கத்தரித்துப் போட்ட அட்டைக்குரிய கை அது.

*

கூடத்தின் பின்வாசலில், பானம் விற்கும் இயந்திரங்களுக்கு அருகே, பிள்ளைகள் இருவரும் நின்றிருந்தார்கள். தகரக் கூரையிலிருந்து பனிநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா வரும் நடையைப் பார்த்ததுமே தோரு கையிலிருந்த காபிக் குவளையைக் கீழே வைத்துவிட்டான்.

"கையுறையைக் கழட்டு" என்றார் மோரியோ மகளிடம்.

நகிசா அண்ணனைப் பார்த்தாள்.

"அவனை ஏன் பார்க்கிற? கிண்ணத்தை நழுவ விட்ட உன் கையைத்தானே கேட்டேன்."

கழற்றினாள். இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன.

"விரி."

"விரியாதுப்பா."

"விரின்னு சொன்னேன்."

அவள் வலக்கையால் அந்த இரண்டு விரல்களையும் பிரித்து நீட்டினாள். விட்டாள். அவை மெல்ல மடங்கின.

"எப்பலேர்ந்து?"

"ஜூலை. மூணு டாக்டரைப் பார்த்தாச்சு. காயம் இல்ல, வலி இல்ல. ஒரே அசைவை அளவுக்கு மீறிப் பழக்கினதால மூளைக்கும் விரலுக்கும் நடுவுல இருந்த வழி குழம்பிப் போச்சாம். ஓய்வு எடுத்தா சரியாகலாமாம். ஆகாமலும் போகலாமாம். கையுறை போட்டாலே மடங்கிடுது. இப்ப கிண்ணம் பிடிச்சாலும் மடங்குது."

"வீடியோவுல இருக்கிறது நான்தான்பா" என்றான் தோரு. "டிப்போ பக்கத்துல ஒரு கூடம் இருக்கு. டியூட்டி முடிஞ்சு அங்க போவேன். விடவே இல்ல நான். நீங்க வெட்டினதுக்கு மறுநாளே புது அட்டை வாங்கிட்டேன். அவ எதுவும் கேட்கல. நான்தான் ஆடித் தரேன்னு சொன்னேன்."

"பொய். நான்தான் கெஞ்சினேன்."

"நகிசா, வாயை மூடு."

"நீ மூடு!"

"ரெண்டு பேரும் மூடுங்க" என்றார் மோரியோ. குரல் உயரவில்லை. "கேட்டது யாராயிருந்தா என்ன, குடுத்தது யாராயிருந்தா என்ன. ஹொன்மான்னு பேர் போட்டுக் காட்டினாங்க. கை தட்டினாங்க. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்."

"ஒரே ஒரு தடவைப்பா" என்றாள் நகிசா. "முதல் சுத்துலயே தோத்துடுவேன். அந்த மேடையில ஒரு தடவை நின்னுட்டு வந்துடறேன். அதோட இதைத் தொட மாட்டேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"உள்ள ஒருத்தன் மடியில கையுறையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். பதினேழாவது ஆளு. உன் இடது கையைப் பார்த்துத் தன் கையைத் திருத்திக்கிட்டானாம். அவன் இடத்துலதான் நீ நிக்கப் போற."

நகிசாவின் முகம் வெளுத்தது.

"முடியலன்னா முன்னாடியே வந்து எங்கிட்ட சொல்லியிருக்க வேண்டியதுதானே? உங்கப்பன் என்ன புலியா, கரடியா?"

"சொன்னேன்."

மோரியோ நிமிர்ந்து பார்த்தார்.

"செப்டம்பர் பதினாறு. நீங்க சங்கத்துக் கூட்டத்துக்குக் கிளம்பிட்டு இருந்தீங்க. 'இந்த வருஷம் வேணாம்னு பார்க்கறேன்பா'ன்னு வாசல்ல நின்னு சொன்னேன். நீங்க ஷூ லேஸைக் கட்டிக்கிட்டே, 'பாதியில இறங்குற பழக்கம் ஹொன்மா வீட்டுல இல்ல'ன்னு சொன்னீங்க. ஏன்னு கேட்கல. நிமிர்ந்துகூடப் பார்க்கல."

அவருக்கு நினைவிருந்தது. அந்த வாசகம் அவருக்கே பிடித்துப் போய், கூட்டத்தில் அதைத் திரும்பச் சொல்லியிருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மோரியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னிரண்டு மணிக்குப் போட்டி ஆரம்பிக்கும். அதுக்குள்ள நீ போய் அவங்ககிட்ட சொல்லு" என்றார் கடைசியில். "இல்லன்னா நான் சொல்லுவேன்."

"சொன்னா அண்ணன் பேரும் வெளிய வரும்ப்பா! ஆடினது யாருன்னு அவங்க தளத்துல போட்டுடுவாங்க. டிப்போவுல பார்க்காம இருப்பாங்களா? அடுத்த மாசம் தேர்வு..."

"வரட்டும் விடு" என்றான் தோரு. ஆனால் குவளையை எடுக்கக் குனிந்தவனுக்கு அது முதல் முறை கைக்கு அகப்படவில்லை.

மோரியோவுக்கு அந்தத் தேர்வுக் குழு தெரியும். ஏழு வருடங்கள் அவரே அதில் உட்கார்ந்திருக்கிறார். வேறொருவர் பெயரில் தன் கையைக் காட்டியவன் முன்னால் வந்து நின்றிருந்தால், அவர் இரண்டாவது கேள்வி கேட்டிருக்க மாட்டார். கோப்பை மூடியிருப்பார்.

*

பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிடம். நகிசா வரவில்லை. மோரியோ எபினாவின் மேசை முன் போய் நின்றார். இடுப்பிலிருந்து வளைந்து, நெடுநேரம் தலை தாழ்த்தினார். நாற்பது ஆண்டுப் பணியில் அவர் அவ்வளவு தாழ்ந்ததில்லை.

"ஹொன்மா நகிசாவின் தகப்பன் நான். நீங்க காட்டின வீடியோவுல இருந்தது என் மகளோட கை இல்ல. அவ பேரை நீக்கிடுங்க. எங்க வீட்டால உங்களுக்கு நேர்ந்த அவமானத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன்."

எபினாவின் பேனா நின்றது. பக்கத்தில் இருந்த உதவியாளர் எழுந்து நின்றார். சற்று நேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருவர் போய் வதாரியை அழைத்து வந்தார். "உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்கள். வதாரி முகம் மலர வந்தவன், மோரியோவைப் பார்த்ததும் குழம்பி நின்றான்.

எபினா ஒரு தாளை மேசைமேல் தள்ளினாள்.

"இங்க எழுதணும் ஐயா. வீடியோவுல ஆடினது யாரு? பேரு, வயசு, உங்களுக்கு என்ன உறவு. அவங்க இனி எந்தப் போட்டியிலயும் கலந்துக்க முடியாது. பேரையும் அறிவிப்போம். அதுதான் விதி."

மோரியோ பேனாவை எடுத்தார். பின்வாசல் கதவருகே தோருவும் நகிசாவும் வந்து நின்றுவிட்டதைப் பார்த்தார். தோரு வரிசை நாற்காலிகளுக்கு அப்பால், இங்கே எழுதுவது தெரியாத தூரத்தில் இருந்தான். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, பரிசோதனைக்கு நிற்பவன் போல நின்றான்.

உண்மையைப் பாதி சொல்லியாகிவிட்டது. மீதிப் பாதியை எழுத இரண்டு எழுத்து போதும்.

அவர் எழுதினார். தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

எபினா படித்தாள். மறுபடி படித்தாள்.

"ஹொன்மா மோரியோ. வயசு... அறுபத்தேழா?"

"ஆமா."

"நீங்களா ஆடினீங்க?"

"ஆமா."

"ஐயா, கடைசிப் பகுதியில விநாடிக்குப் பதினாறு அடி வருது."

"விநாடிக் கணக்கு எனக்குப் பழக்கம்தான்."

அது சிரிப்பை வரவழைக்கக்கூடிய பதில். யாரும் சிரிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளில் எந்த அறிக்கையிலும் ஒரு பொய் எழுதாத கை, முதல் பொய்யை ஒரு விளையாட்டுக் கூடத்தின் மேசையில் எழுதியது. எழுத்து மட்டும் வழக்கம்போல அழகாக இருந்தது.

வதாரி மெல்ல முன்னால் வந்தான். முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டிருந்தது.

"நகிசா ஆடலையா?" என்றான். பிறகு தாளை எட்டிப் பார்த்தான். "ஐயா... தப்பா நினைக்காதீங்க. அந்த இடது கையை எனக்கு என் கையை விட நல்லாத் தெரியும். உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க."

மோரியோ கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். மனிதர்கள் முன்னால் பைக்குள் கை விட்டு நிற்பது மரியாதை கெட்ட செயல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர் அவர்.

எபினா எழுந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுவே அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"ஆள் யாருன்னு உறுதியாகாம இதை நான் மேல அனுப்ப முடியாது ஐயா. மேடைக்குப் பக்கத்துல பயிற்சி மெஷின் இருக்கு. அதே பாட்டுல முப்பது விநாடி ஆடிக் காட்டுங்க, போதும். இல்ல வேற பேர் எழுதணும்னா, புதுத் தாள் தரேன்."

வதாரி தன் கையுறையை நீட்டினான். ஏளனமாக அல்ல, மரியாதையாக, இரண்டு கைகளாலும்.

மோரியோ வாங்கிக்கொண்டார். நடந்தார். பதினைந்து அடி தூரம். கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தி, டை கட்டிய கிழவரைப் பார்த்தார்கள். வட்டத் திரை ஒளிர்ந்தது. எபினா பாட்டைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு ஒதுங்கினாள். எங்கே கை வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஹொன்மா வீட்டில் ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுத்ததில்லை. அப்படித்தான் இத்தனை காலம் பெருமையாகச் சொல்லி வந்தார். இப்போது, வாழ்க்கையில் முதல் முறையாக, தன் பிள்ளைகளில் யாராவது தன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டார்களா என்று அவர் மனம் ஏங்கியது.

பாட்டு தொடங்கியது. முதல் வளையம் அவரைத் தாண்டிப் போனது. இரண்டாவதும் போனது.

பின்னால் நாற்காலிகள் விலகும் சத்தம். யாரோ வேகமாக நடந்து வரும் காலடிகள்.

வருவது மகனா, மகளா என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.